வழுவறிக்கையும் அஞ்சல் வாயிலும்

தமிழ் இலக்கணகாரர் சொல்லையும் தொடரையும் ஆராயுங்கால் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை வகுத்தனர். இலக்கண நெறி பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. அண்மைக் காலத்திற் கணினித் துறைக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கியோர், மென்பொருளில் நேரும் குற்றத்துக்கு ‘வழு’ என்னும் இப்பழஞ் சொல்லையே எடுத்தாண்டமை மிகவும் பொருத்தமுடையது. ஆங்கிலத்தார் அதனைப் பூச்சி எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஹாவாட் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியொன்றினுள் அகப்பட்ட விட்டிலைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த செய்தியைப் பலரும் அறிவர். அச்செய்தியிலிருந்தே அச்சொல் பிறந்தது என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே, தம் புதுப்புனைவுகளில் நேரும் சிறு கோளாறுகளை அச்சொல்லாற் குறித்துக் கடிதம் எழுதியுள்ளார்.

வழுவைக் கண்டவர், அதனைத் திருத்த வல்லவருக்கு எடுத்துரைக்கும் மடலே வழுவறிக்கை. ஒரு மென்பொருளை ஆக்கியவர் அதனைத் தம்மிடமுள்ள ஓரிரு கணினிகளில் மட்டுமே இயக்கிப் பார்க்கக் கூடும். அதனைப் பயன்படுத்துவோரோ ஆயிரக்கணக்கானோர். அவர்தம் கணினிகளும் வெவ்வேறு வகையின. ஆகவே ஆக்கியோன் கண்ணிற் படாத குற்றங்கள் பயன்படுத்துவோன் கண்ணிற் படுதல் இயல்பு. விலையின்றி எவர்க்கும் வழங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள் இத்தகைய மடல்களாலேயே செப்பமுற்று வளர்ந்தன என்பது மிகையன்று. அம்மடல்கள் பெரும்பாலும் மின்னஞ்சலாகவே சென்றன. ஆனால் 1990களின் பிற்கூற்றிலிருந்து அவற்றுட் பல, பெறுநரின் அஞ்சற் சேவையகத்தின் வாயிலிலேயே மறிக்கப்பட்டன. அதற்குக் காரணம் மடலின் பொருளன்று. மடலை அனுப்பிய கணினி தன் பெயரைச் சரிவரச் சொல்லாமையே. வழுவை அறிவிக்க வந்தவனை அவனுடைய வழுவே வெளியில் நிறுத்திய இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதும், அதற்கு என்ன பரிகாரம் காணப்பட்டது என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

கணினி வலைப்பின்னல்களின் தாய் எனத்தக்க ஆர்ப்பாநெற் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் ஸ்ரீவ் குறொக்கர் என்பார் எழுதிய குறிப்பே ஆர்.எஃப்.சி. எனப்படும் ஆவண வரிசையின் முதலாவது. கருத்துரை வேண்டல் என்பது அப்பெயரின் பொருள். கட்டளையிடுவாரின் குரலில் அன்றி, ‘குற்றங் கண்டால் எழுதுக’ என்று அழைப்பாரின் குரலில் அவ்வரிசை தொடங்கிற்று என்பது கருதத்தக்கது. 1971இல் றே ரொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் வழியைக் கண்டார். அதன்பின் மென்பொருளிற் குற்றங் கண்டோர் அதனை ஆக்கியோர்க்கு நேரே எழுதினர். எழுதுவோரும் பெறுவோரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தோர். பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுகூடத்தாருமே அன்று வலைப்பின்னலில் இருந்தனர். வாயிலில் எவரையும் நிறுத்திப் பெயர் கேட்கும் தேவை எழவில்லை.

எனினும் வரப்போவதை முன்னரே உணர்ந்தார் ஒருவர். ஜோன் பொஸ்ரல் 1975ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் எழுதிய 706ஆம் இலக்கக் குறிப்பு, வேண்டா அஞ்சலைப் பற்றியது. தனக்கு வேண்டாத மடலை மட்டும் தெரிந்து மறுப்பதற்கு ஒரு கணினிக்கு யாதொரு வழியும் இல்லை என்பதை அவர் அதிற் சுட்டினார். மூன்று ஆண்டுகளுக்குள், 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், கணினி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அவர்மீது எழுந்த கண்டனம் பெரிது. ஆயினும் அதற்காக வாயில் அமைப்பார் எவருமிலர்.

அப்பொஸ்ரலே 1982ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 821ஆம் இலக்க ஆவணத்தை வெளியிட்டார். இன்றளவும் உலகத்து மின்னஞ்சல் யாவும் அடிப்படையில் அவ்வாவணம் வகுத்த முறையிலேயே செல்கின்றது. ஆதலின் அம்முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அனுப்பும் கணினி, பெறும் கணினியை அழைத்து, ‘ஹெலோ’ என்னும் கட்டளையோடு தன் பெயரைச் சொல்லும். அடுத்து, மடல் யாரிடமிருந்து வருகின்றது, யாருக்குச் செல்ல வேண்டும் என இரு முகவரிகளைச் சொல்லும். இவ்விரண்டும் கடிதத்தின் உறைமேல் எழுதும் முகவரிகளை ஒப்பன. அதன் பின்னரே மடலின் உள்ளடக்கம் செல்லும். பெறும் கணினி ஒவ்வொரு படியிலும் ஒரு மூவிலக்க எண்ணால் விடையிறுக்கும். 2இல் தொடங்குவது இசைவு. 4இல் தொடங்குவது ‘இப்பொழுது இயலாது, பின்னர் வருக’ என்பது. 5இல் தொடங்குவது முற்றான மறுப்பு.

தபாற் கந்தோரில் இடும் கடிதத்தின் பின்புறத்தில் அனுப்புநர் தம் பெயரை எழுதுகிறார். அது மெய்ப்பெயர்தானா என்று எவரும் சோதிப்பதில்லை. அதுபோன்றே 821ஆம் ஆவணத்தின் முறையிலும் அனுப்பும் கணினி சொன்னதே பெயர். அது தந்ததே முகவரி. அன்றியும் ஒரு சேவையகம் தன்னோடு தொடர்பில்லாத இருவருக்கிடையே செல்லும் மடலையும் வாங்கிக் கைமாற்றி விடுவது அக்காலத்து வழக்கம். வழிப்போக்கனுக்குத் திண்ணையில் இடங்கொடுத்த பழைய வழக்கத்தை அது நினைவூட்டும்.

இந்நெகிழ்ச்சி அசட்டையால் நேர்ந்ததன்று. தான் அனுப்புவதிற் கண்டிப்பும், பிறரிடமிருந்து ஏற்பதிற் தாராளமும் வேண்டும் என்னும் கொள்கையைப் பொஸ்ரல் 1980ஆம் ஆண்டிலேயே தம் ஆவணங்களில் எழுதி வைத்திருந்தார். அயலார் செய்யும் சிறு பிழைக்காக அவருடைய செய்தியைத் தள்ளிவிடலாகாது. பொருள் விளங்குமாயின் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. இலக்கணகாரரின் வழுவமைதியைக் கணினிக்கு விதித்தார் எனலாம். 1989ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வெளிவந்த 1123ஆம் ஆவணம் இதனை இன்னும் தெளிவாக்கிற்று. ‘ஹெலோ’வோடு சொல்லப்பட்ட பெயர் மெய்யானதா என்று பெறும் கணினி சோதித்துப் பார்க்கலாம், ஆனால் சோதனையிற் பெயர் பொய்த்தாலும், அது காரணமாக மடலை மறுத்தலாகாது என்று அவ்வாவணம் விதிக்கின்றது. இவ்விதியை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அது பட்ட பாட்டைக் காண்போம்.

இத்தாராளத்தின் நிழலில் வழுவறிக்கை முறை செழித்தது. எரிக் ஓல்மன் பேர்க்கிலியில் எழுதிய செண்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருள் யூனிக்ஸ் கணினிகள்தோறும் பரவிற்று. பேர்க்கிலியார் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில், வழுவறிக்கைக்கென்றே ‘செண்ட்பக்’ என்னும் சிறு கட்டளையும் இடம்பெற்றது. அது அறிக்கைக்குரிய படிவத்தைத் திறந்து தரும்; எழுதி முடித்ததும் தானே அஞ்சலில் அனுப்பி விடும். பயன்படுத்துவோன் முகவரியையும் தேட வேண்டுவதில்லை. குனு திட்டத்தார் தம் நிரல்களின் உதவிக் குறிப்பின் இறுதியில் வழுவறிக்கைக்குரிய முகவரியை அச்சிடுவதை வழக்கமாக்கினர்.

இம்முறையின் உச்சம் எனத் தக்கது டெபியன் திட்டத்தின் வழுப் பதிவேடு. 1993இல் இயன் மேடொக் தொடங்கிய டெபியன், லினக்ஸ் கருவினை அடியாகக் கொண்ட இயங்குதளத்தை உலகெங்குமுள்ள தன்னார்வலரைக் கொண்டு ஆக்கும் ஒரு திட்டம். 1994இல் இயன் ஜக்சன் அதற்கென ஒரு வழுப் பதிவேட்டை எழுதினார். அதன் நடைமுறை எளிது. அறிக்கையாளர் ஒரு பொது முகவரிக்கு மடல் எழுதுவார். மடலின் முதல் வரிகளில் எந்தப் பொதியில் வழு உள்ளது, அதன் பதிப்பு எண் யாது என்பன இருத்தல் வேண்டும். மடல் வந்தவுடன் பதிவேடு அதற்கு ஓர் எண் வழங்கி, ஒப்புச்சீட்டு ஒன்றை அறிக்கையாளருக்கு அனுப்பும். பொதியின் பராமரிப்பாளருக்கும் ஒரு படி செல்லும். அதன் பின்னர் அவ்வெண்ணே ஒரு முகவரி ஆகிவிடும். எவரும் அம்முகவரிக்கு எழுதித் தாம் கண்டதைச் சேர்க்கலாம். வழு நீங்கியவிடத்து, முடிந்தது எனப் பொருள்படும் சொல்லை அவ்வெண்ணோடு இணைத்த முகவரிக்கு ஒரு மடல் எழுத, வழக்கு முடிவுறும். இவை யாவும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்தன. 1997ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், தம் குறைகளை மறைப்பதில்லை என்பதும், வழுப் பதிவேடு முழுவதும் எக்காலத்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பதும் உறுதிமொழியாக இடம்பெற்றன.

அஞ்சலையே வாயிலாகக் கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. அக்காலத்துப் பலர் தொலைபேசிக் கம்பி வழியாகச் சிறிது நேரமே இணையத்தோடு தொடர்புற்றனர்; நிமிடந்தோறும் கட்டணம் ஏறிற்று. அறிக்கையை ஆற அமர எழுதி வைத்து, தொடர்பு கிடைத்தபொழுது அனுப்புவதற்கு அஞ்சலே ஏற்றது. கணக்குத் திறக்க வேண்டா, கடவுச்சொல் வேண்டா, ஒருமுறை மட்டும் எழுத வந்தவரும் ஒரு மடலோடு தம் கடமையை முடித்துச் செல்லலாம். ஒருமுறையே எழுதுவாரின் மடல்கள் சில வேளைகளில் மிகவும் விலையுடையனவாக இருக்கும் என்பதை மென்பொருள் ஆக்குவோர் அறிவர்.

இனித் திண்ணை கெட்ட கதைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், குடிவரவு அனுமதி பற்றிய தம் விளம்பரத்தை யூஸ்நெற் என்னும் கலந்துரையாடற் களம் முழுவதிலும் பரப்பினர். வேண்டா விளம்பரத்தைத் தொழிலாக நடத்தலாம் என்பதைப் பலர் அதிலிருந்து கற்றுக்கொண்டனர். மின்னஞ்சலில் அத்தொழில் நடத்துவோர், எவர்க்கும் மடல் கைமாற்றிய சேவையகங்களை நாடினர். ஒரு மடலையும் ஆயிரம் முகவரிகளையும் அதன் கையிற் கொடுத்துவிட்டால், உழைப்பும் பழியும் அச்சேவையகத்தையே சாரும். அனுப்புநர் முகவரியோ பொய். திரும்பி வரும் அஞ்சல் யாவும் குற்றமற்ற ஒருவரின் பெட்டியில் விழும்.

சேவையகம் காப்போர் பொறுமை இழந்தனர். 1997இல் போல் விக்சி முதலியோர் ஒரு தடைப்பட்டியலை நடத்தத் தொடங்கினர். வேண்டா அஞ்சலுக்கு உடந்தையான கணினிகளின் எண்முகவரிகள் அதில் ஏறின. அப்பட்டியலைப் பின்பற்றும் சேவையகங்கள் யாவும் அவற்றின் மடல்களை மறுத்தன. 1998இல் வெளிவந்த செண்ட்மெயிலின் 8.9ஆம் பதிப்பு இரு பெரிய மாற்றங்களைச் செய்தது. அயலாருக்காக மடல் கைமாற்றுவதை, நிருவாகி வேண்டுமென்றே திறந்தாலன்றிச் செய்வதில்லை என்பது ஒன்று. அனுப்புநர் முகவரியில் உள்ள ஆள்களப் பெயர் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிற் காணப்படாவிடின் மடலை ஏற்பதில்லை என்பது மற்றொன்று. அக்காலத்திற் பெரிதும் வழங்கிய அஞ்சல் மென்பொருளே இவ்வாறு இயல்புநிலையை மாற்றியமை, உலகத்து வழக்கையே மாற்றிற்று. தொலைபேசி வழி இணைவோரின் எண்முகவரிகளையெல்லாம் திரட்டிய பட்டியல்களும் தோன்றின. அவ்வெண்களிலிருந்து நேரே வரும் மடலை, அது எதுவாயினும், ஏற்பதில்லை என்று பலர் முடிவு செய்தனர்.

இம்மாற்றங்கள் விளம்பரக்காரரை முற்றாகத் தடுத்தனவோ எனின், இல்லை. அவர் தொழில் வல்லார். நாளுக்கொரு பெயரும் பதிந்த ஆள்களமும் தேடிக்கொண்டனர். தடுக்கப்பட்டோருள் ஒரு பகுதியினர் பெயர் சொல்லத் தெரியாத எளியோர்.

இவ்வெளியோரின் நிலையைச் சிறிது அணுகிப் பார்த்தல் நன்று. ஒருவர் தம் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவுகிறார். அதனோடு ஓர் அஞ்சற் சேவையக மென்பொருளும் வந்து அமர்கின்றது. பல்கலைக்கழகத்தில் நிலையான பெயரோடு இயங்கும் கணினிக்கு வகுத்த மரபு அது. வீட்டுக் கணினிக்கோ உலகறிந்த பெயர் இல்லை. நிறுவும்பொழுது பெயர் கேட்கப்படின் அவர் தம் விருப்பம் போல ஒன்றைச் சொல்லுவார். சொல்லாவிடின் ‘லோக்கல்ஹோஸ்ற்’ என்னும் பெயர் அமையும். ‘இக்கணினியே’ என்பது அதன் பொருள். உலகத்துக் கணினி ஒவ்வொன்றும் தன்னைக் குறிக்க வழங்கும் பெயர் அது. ‘யாரது?’ என்று கேட்டால் ‘நான்தான்’ என்பது போன்ற விடை. அவர் ஒரு நிரலில் வழுக் கண்டு, அறிக்கைக் கட்டளையை இயக்கி, பிழைச் செய்தியையும் பதிப்பு எண்ணையும் நேர்மையாக எழுதி முடிக்கிறார். கட்டளை மடலை உள்ளூர்ச் சேவையகத்திடம் ஒப்படைத்து விட்டு, அனுப்பியாயிற்று என்ற பாவனையில் முடிந்துவிடுகிறது. சேவையகம் தொலைவிலுள்ள திட்டத்தின் வாயிலை அழைத்து ‘லோக்கல்ஹோஸ்ற்’ எனத் தன் பெயரைச் சொல்லுகிறது. உறைமேல் அனுப்புநர் முகவரியும் அப்பெயரோடே முடிகின்றது. 5இல் தொடங்கும் எண் விடையாக வருகிறது.

அதன் பின்னர் நிகழ்வது இன்னும் இரங்கத்தக்கது. மறுக்கப்பட்ட மடலை உரியவருக்குத் திருப்புவது அனுப்பிய சேவையகத்தின் கடன். அது அதனை அதே கணினியின் உள்ளூர் அஞ்சற் பெட்டியில் இடுகின்றது. அவரோ தம் அஞ்சலை இணைய வழங்குநரின் பெட்டியிலே படிப்பவர்; தம் கணினிக்குள் அப்படியொரு பெட்டி உண்டு என்பதையே அறியார். மறுப்பை வாயிலிற் சொல்லாது, மடலை ஒருமுறை வாங்கிக்கொண்டு பின்னர் திருப்பும் இடைநிலையம் ஒன்று நடுவில் இருப்பின் நிலை வேறு. ‘லோக்கல்ஹோஸ்ற்’ என்னும் முகவரிக்கு அது மடலைத் திருப்ப முயன்றால் தன்னிடமே திருப்பிக்கொள்ளும். திருப்பும் மடலுக்கு அனுப்புநர் முகவரி வெறுமையாக இருத்தல் வேண்டும் என்பது விதியாதலின், அது மீண்டும் திரும்பவும் இடமில்லை. மடல் அவ்விடத்தோடு மறையும். டெபியனின் ஒப்புச்சீட்டைப் போன்றதொன்றை எதிர்பார்க்க அறிந்தவரே, அது வாராமையைக் கொண்டு ஐயுறுவர். பிறர் தம் அறிக்கையைப் படித்தும் எவரும் விடையிறுக்கவில்லை என்று மனங்கசந்து அகல்வர். மறுபுறத்தே மென்பொருளை ஆக்கியவரோ, அறிக்கை வாராமையால் வழு இல்லை என்று கருதியிருப்பார்.

கணினி அமைப்பிற் பிழை செய்தவரே அமைப்புப் பற்றிய வழுவறிக்கை எழுதத் தேவையுடையவர். நிறுவும் நிரல் பெயரைக் கேட்ட முறை மயக்கந் தருவதாயின், அம்மயக்கத்துக்கு ஆளானவரே அதனை எடுத்துரைக்கத் தக்கவர். ஆனால் அம்மயக்கத்தின் விளைவாகவே அவர் மடல் செல்லாது. அஞ்சல் மென்பொருளிலேயே வழு இருப்பின் அதனை அஞ்சல் வழி உரைப்பது எங்ஙனம்? வல்லோரின் மடல்களே உட்புகுவதால், வல்லோர் காணும் வழுக்களே திருந்தும் என்னும் குறை இதன்கண் உண்டு.

சேவையகம் காப்போர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வழுப் பதிவேட்டின் முகவரிகள் யாவும் பொதுப் பக்கங்களில் வெளியாகின்றவை. எழுதினோரின் முகவரிகளும் அவ்வாறே. முகவரி திரட்டும் நிரல்களுக்கு அதனினும் நல்ல விளைநிலம் வேறில்லை. எண்தோறும் ஒரு முகவரி என்னும் டெபியனின் அழகிய ஏற்பாட்டினால், திறந்த வாயில்கள் இலட்சக்கணக்கில் ஆயின. வேண்டா அஞ்சல் உள்ளே புகின் அது பதிவேட்டில் நிலைத்துவிடும். பராமரிப்பாளர்தோறும் படியாகச் செல்லும். அவர்களோ ஊதியமின்றி மாலை வேளைகளிற் பணிபுரிவோர். அவர் நேரத்தைக் காப்பதும் ஓர் அறமே. ஆயினும் 1123ஆம் ஆவணம் விதித்த ‘மறுத்தலாகாது’ என்னும் கட்டளை இக்காலத்தில் ஏட்டளவில் நின்றது என்பதைச் சொல்லாமல் இருத்தல் முறையன்று. 2008இல் வெளிவந்த 5321ஆம் ஆவணத்திலும் அக்கட்டளை பேணப்பட்டுள்ளது. அதனை மீறும் அமைப்புகளும் பல சேவையகங்களில் இயங்குகின்றன. விதியை எழுதினோர் அஞ்சியது தவறிய மடலுக்கு. வாயில் காத்தோர் அஞ்சியது தவறாது வரும் மடலுக்கு.

2003இல் எவன் ஹரிஸ் என்பார் வேறொரு வழியை முன்வைத்தார். முன்னறியாத அனுப்புநரை முற்றாக மறுக்காது, ‘பின்னர் வருக’ என்று ஒருமுறை திருப்பிவிடுவது அது. முறையான சேவையகம் சிறிது நேரங் கழித்து மீண்டும் வரும். விளம்பரக்காரரின் நிரல் வாராது என்பது அதன் கணக்கு. கணக்குப் பெரும்பாலும் சரியே. ஆனால் காத்திருப்பு வரிசை எதுவுமின்றி நேரே அனுப்பும் சிறு நிரல்களும் மீண்டும் வருவதில்லை. வழுவறிக்கைக் கருவிகளுட் சிலவும் அத்தகையன.

பரிகாரங்கள் பல திசைகளிலிருந்து வந்தன. 1998ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெளிவந்த 2476ஆம் ஆவணம், மடலை முதன்முதல் ஒப்படைப்பதையும் சேவையகங்கள் தமக்குள் கைமாற்றுவதையும் இரண்டாகப் பிரித்தது. ஒப்படைப்பதற்கு 587ஆம் துறை ஒதுக்கப்பட்டது. வீட்டுக் கணினி உலகத்தோடு நேரே பேச வேண்டா. தன்னை அறிந்த வழங்குநரிடம் கடவுச்சொல் காட்டி மடலைக் கொடுத்தாற் போதும் என்பது இதன் பயன்.

டெபியனார் வழியில் ‘றிப்போட்பக்’ என்னும் கருவி சிறப்புடையது. கிறிஸ் லோரன்ஸ் பைத்தன் மொழியில் எழுதிய இக்கருவி, அறிக்கையாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு மடலை ஆக்கும்; பதிப்பு எண்களைத் தானே திரட்டும்; அதே வழு முன்னரே பதிவாகியுள்ளதா என்று தேடிக் காட்டும். அனுப்ப இயலாது போயின், எழுதியது வீணாகாதபடி ஒரு கோப்பிற் சேமித்து வைக்கும். அதனினும் மேலாக, தமக்கென அஞ்சற் சேவையகம் இல்லாதோருக்காக டெபியனே ஒரு தனிச் சேவையகத்தைத் திறந்து வைத்தது. அது வழுவறிக்கைகளை மட்டுமே ஏற்று, பதிவேட்டுக்குக் கொண்டு செல்லும். பெருவாயிலைப் பூட்டியவரே புறத்தே ஒரு சிறுவாயிலைத் திறந்தமை இது.

வேறு பலர் அஞ்சலையே கைவிட்டனர். மொஸில்லா திட்டத்தார் 1998இல் வெளியிட்ட பக்ஸில்லா, வலைப்பக்கத்திற் படிவம் நிரப்பும் முறையைப் பரப்பிற்று. ‘செண்ட்-பி.ஆர்.’ என்னும் அஞ்சல்வழிக் கட்டளையை நெடுங்காலம் பயன்படுத்திய ஃபிறீ பி.எஸ்.டி. திட்டமும் 2014இல் பக்ஸில்லாவுக்கு மாறிற்று. கணினியின் அஞ்சல் அமைப்பு எவ்வளவு பிழைபட்டிருந்தாலும் படிவத்தை நிரப்பலாம். ஆனால் கணக்குத் திறக்க வேண்டும். கடவுச்சொல்லை நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறையே எழுத வருவாரைத் தடுக்கும் வாயில் இங்கும் உண்டு. இடம் மட்டுமே மாறிற்று.

அஞ்சலுலகில் வாயில்கள் மேலும் இறுகின. அனுப்புநர் ஆள்களத்தின் பெயரால் எந்தக் கணினிகள் மடல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். முறை 2006இலும், மடலுக்குக் கைச்சாத்திடும் டி.கே.ஐ.எம். முறை 2007இலும் ஆவணமாக வெளிவந்தன. இவ்விரண்டையும் தழுவி, சோதனையில் தவறிய மடலை என் செய்வது என்று ஆள்கள உரிமையாளரே அறிவிக்கும் டி.எம்.ஏ.ஆர்.சி. முறை 2015இல் ஆவணமாயிற்று. அதற்கு முன்னரே, 2014 ஏப்பிரல் மாதத்தில், யாஹூ நிறுவனம் தன் பெயரால் வந்து சோதனையில் தவறும் மடல்களை மறுக்குமாறு உலகத்துக்கு அறிவித்தது. அதனால் தம்மளவிற் பிழையேதும் செய்யாத குழு அஞ்சற் பட்டியல்களின் மடல்களும் தடைப்பட்டன; பட்டியல் வழியாக வழுவை விவாதிப்போர் இடர்ப்பட்டனர். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து, கூகிள் நிறுவனத்தின் அஞ்சற் பெட்டிகளுக்கு எழுதும் எவரும் இம்முறைகளுள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்னும் இரண்டில் ஒன்றையேனும் கொண்டிருத்தல் வேண்டும் என்றாயிற்று. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் கொண்டிருத்தல் வேண்டும். தானே சேவையகம் நடத்த விரும்பும் தனியாள் கற்க வேண்டியது 1982இல் ஒரு பக்கத்தில் அடங்கிற்று. இன்று அது ஒரு பாடநூல்.

இத்துணை மாற்றங்களுக்குப் பின்னரும் அஞ்சல்வழி வழுவறிக்கை அழியவில்லை. லினக்ஸ் கருவினை ஆக்குவோர் இன்றும் அஞ்சற் பட்டியல்களிலேயே வழுக்களையும் திருத்தங்களையும் ஆராய்கின்றனர். தம் அஞ்சலை உரியவாறு அமைக்க இயலாதோர் தம் திருத்தங்களை வலைவழி ஒப்படைத்து, அவை பட்டியலுக்கு அஞ்சலாகச் செல்லுமாறு ஒரு வழியையும் 2022இல் அவர்கள் ஏற்படுத்தினர். டெபியனின் பதிவேட்டில் வழு எண் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பத்து இலட்சத்தை எட்டிற்று. அதனைப் படிப்பதற்கு வலைப்பக்கம் உண்டு; அதில் எழுதுவதற்கோ இன்றும் அஞ்சலே வழி.

றிப்போட்பக் கருவியை ஒருவர் முதன்முறை இயக்கும்பொழுது, அது வழுவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இக்கணினியில் இணையத்துக்கு மடல் அனுப்பவல்ல அஞ்சற் சேவையகம் அமைந்துள்ளதா என்றே கேட்கின்றது. இல்லையெனின், பயன்படுத்தத் தக்க வேறு சேவையகம் உண்டா என வினவுகின்றது. அதுவும் இல்லையென்பார்க்கு டெபியன் திறந்து வைத்த சிறுவாயிலைக் காட்டுகின்றது. அதற்கு முன்னர் அவருடைய மின்னஞ்சல் முகவரியையும் கேட்டுக்கொள்கிறது. பராமரிப்பாளர் விளக்கம் வேண்டி எழுதும் மடல் அம்முகவரிக்கே செல்லுமாதலின், ‘லோக்கல்ஹோஸ்ற்’ என்று முடியும் முகவரி அங்கே உதவாது.